நிறுவன விருந்துக்கு ஏற்பாட்டாளரை அமர்த்தப் போகிறீர்களா? முன்பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஆண்டுக் கடைசி நெருங்கினால் பேராக்கில் பல அலுவலகங்களில் ஒரே பேச்சுதான். "இந்த வருசம் டின்னர் எங்க?"

நிர்வாகி ஒரு தொகையைச் சொல்வார். பிறகு மனிதவளப் பிரிவில் இருக்கும் ஒருவரைப் பார்த்து, "நீங்களே பார்த்துக்குங்கம்மா" என்று முடித்துவிடுவார். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் போச்சு. மண்டபம், சாப்பாடு, பாட்டு, அதிர்ஷ்டக் குலுக்கு, பேருந்து என்று எல்லாம் அவர் தலையில். வழக்கமான சம்பள வேலையும் நிற்காது.

"பேசாம ஓர் ஏற்பாட்டாளர்கிட்ட கொடுத்துடலாமே" என்று யாராவது சொல்வார்கள். கொடுக்கலாம். ஆனால் எதைக் கொடுக்கிறோம், எதை வாங்குகிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 300 ஊழியர்கள், தலைக்கு 200 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 60,000 ரிங்கிட். மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். அப்படியானால் ஓர் இரவுக்குச் செலவாவது ஒரு தொழிலாளியின் 35 மாதச் சம்பளம். அந்தப் பணம் சரியாகச் செலவாகிறதா என்று கேட்க எல்லாருக்கும் உரிமை உண்டு.

முன்பெல்லாம் யார் ஏற்பாடு செய்தார்கள்?

ரப்பர் தோட்டங்கள் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. மாரியம்மன் திருவிழா என்றால் தோட்டத்துக் கமிட்டி கூடும். பந்தலுக்கு ஓர் ஆள், சமையலுக்கு ஓர் ஆள், பாட்டுக்கும் விளக்குக்கும் ஓர் ஆள், நன்கொடைப் புத்தகத்துக்கு ஓர் ஆள் என்று வேலை பிரிந்துவிடும். நிர்வாகத்திடம் லோரி கேட்க வேண்டுமானால் அதற்கும் ஒருவர் இருப்பார். சோறு பற்றவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று லயத்துச் சிறுவனுக்குக்கூடத் தெரியும்.

பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. குடும்பங்கள் சுங்கை சிப்புட், புந்தோங், பத்து காஜா என்று பல இடங்களுக்குப் பிரிந்தன. அவர்களுடைய பிள்ளைகள் இன்று தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். கைத்திறன் அப்படியே இருக்கிறது. ஆனால் எல்லாரும் ஒரே லயத்தில் இல்லை, எல்லாருக்கும் ஒரே நாளில் விடுப்பும் இல்லை.

அந்தக் கமிட்டி செய்த வேலையைத்தான் இன்று நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் கூலிக்குச் செய்கிறார். ஒரு வேறுபாடு உண்டு. கமிட்டியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முகம் இருந்தது. ஏற்பாட்டாளரிடம் அந்த முகத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் அன்றிரவு, "அது எங்க வேலை இல்ல சார், ஹோட்டல்காரங்க வேலை" என்ற பதில்தான் வரும்.

ஏற்பாட்டாளர் சரியாக என்ன செய்வார்?

வேலையை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது திட்டம்: தேதி, இடம், பட்ஜெட், நிகழ்ச்சி நிரல். இரண்டாவது, மண்டபம், உணவு, ஒலி-ஒளி, அறிவிப்பாளர், படப்பிடிப்பாளர் போன்றவர்களைப் பேசி முடிப்பது. மூன்றாவது பெர்மிட், உரிமம், காப்புறுதி. நான்காவது, நிகழ்ச்சி நாளில் காலை முதல் கடைசிப் பேருந்து கிளம்பும் வரை அங்கேயே நின்று நடத்துவது.

இந்த நான்கையும் செய்பவர்தான் முழு ஏற்பாட்டாளர். அலங்காரம் மட்டும் செய்பவர், கூடாரம் வாடகைக்கு விடுபவர், உணவு கொண்டுவருபவர் ஆகியோரும் தங்களை ஏற்பாட்டாளர் என்றே சொல்லிக்கொள்வதுண்டு. ஹோட்டலில் விருந்துப் பிரிவு அதிகாரி ஒருவர் இருப்பார், நன்றாகவே உதவுவார். ஆனால் அவர் ஹோட்டலின் ஆள், ஹோட்டல் தரப்பை மட்டும்தான் பார்ப்பார்.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: "இந்த நாலுல எது எது உங்க பொறுப்பு?"

எல்லா நிறுவனத்துக்கும் ஏற்பாட்டாளர் தேவையா?

தேவையில்லை. 50 பேருக்கு ஓர் உணவகத்தில் மதிய உணவு என்றால் உணவகத்தின் பேக்கேஜே போதும். ஏற்பாட்டாளருக்குக் கொடுக்கும் கூலியை ஊழியர்களின் பரிசுக்குச் சேர்க்கலாம்.

நான்கைந்து விநியோகிப்பாளர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டிய நிகழ்ச்சிக்கு ஆள் தேவை. திறந்தவெளியில் நடப்பது, வெளிநாட்டுக் கலைஞர் வருவது, பிரமுகர் வருவது, பல ஊர்களிலிருந்து ஊழியர்களைப் பேருந்தில் கொண்டுவருவது ஆகியவையும் அப்படித்தான்.

பழைய தோட்டத் திடலில் குடும்ப தினம் நடத்துவதைப் பலரும் சுலபம் என்று நினைக்கிறார்கள். "நம்ம இடம்தானே" என்பார்கள். ஆனால் அந்த நிலம் இன்று ஒரு தோட்ட நிறுவனத்துக்கோ மேம்பாட்டாளருக்கோ சொந்தமாக இருக்கலாம். அப்படியானால் நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். மின்சாரத்துக்கு ஜெனரேட்டர், நடமாடும் கழிப்பறை, மழை பெய்தால் மாற்று இடம், செம்மண் சாலையில் லோரி இறங்க வழி என்று ஹோட்டலில் தானாகக் கிடைக்கும் எல்லாவற்றையும் அங்கே நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். திடல் இலவசமாகக் கிடைத்தாலும் மொத்தச் செலவு மண்டபத்தைத் தாண்டிவிடக்கூடும்.

ஆள் நம்பகமானவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்-இன் இணையச் சேவையில் பெயரைத் தேடுங்கள். சிறு கட்டணத்தில் பதிவு விவரம் கிடைக்கும். 'எண்டர்பிரைஸ்' என்றால் அது தனிநபர் அல்லது பங்காளிகளின் தொழில். கடன் வந்தால் உரிமையாளரே நேரடிப் பொறுப்பு. 'செண்டிரியான் பெர்ஹாட்' என்றால் நிறுவனம் தனி, உரிமையாளர் தனி. இரண்டில் ஒன்று உயர்த்தி, மற்றது தாழ்த்தி என்றில்லை. யாரிடம் பணம் கேட்க வேண்டிவரும் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, முகநூல் படங்களை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அழகான மேடைப் படத்தை யாரும் எங்கிருந்தும் எடுத்துப் போடலாம். அவர்கள் முன்பு வேலை செய்த இரண்டு நிறுவனங்களின் தொடர்பைக் கேளுங்கள். அங்கே பேசும்போது, "நல்லா செஞ்சாங்களா?" என்று கேட்டால், "ஆமா" என்றுதான் வரும். "ஏதாவது தப்பாச்சா, அப்போ என்ன செஞ்சாங்க?" என்று கேளுங்கள். பதிலில் ஆள் தெரிந்துவிடும்.

மூன்றாவது, பணம் கட்டச் சொல்லும் வங்கிக் கணக்கு பதிவு செய்த தொழிலின் பெயரில் இருக்க வேண்டும். தனிநபர் கணக்கைக் கொடுத்தால் நின்று யோசியுங்கள். போலீசின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் அந்தக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் தட்டிப் பார்க்கலாம். மோசடி என்று தெரிந்து பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 997 என்ற தேசிய மோசடிப் பதிலளிப்பு மைய எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் அழைக்க வேண்டும்.

கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

பொதுவாக மூன்று வழிகள் உண்டு.

நிலையான கூலி: மொத்த வேலைக்கும் ஒரே தொகை. விநியோகிப்பாளர்களின் பில் நேராக உங்களுக்கு வரும். கணக்கு வெளிச்சமாக இருக்கும்.

விழுக்காடு: மொத்தச் செலவில் ஒரு பங்கு. 60,000 ரிங்கிட்டில் 15 விழுக்காடு பேசியிருந்தால் 9,000 ரிங்கிட். இதில் ஒரு சிக்கல் உண்டு. செலவு கூடக்கூட ஏற்பாட்டாளரின் வருமானமும் கூடும். மலிவானதைத் தேடிப் பிடிக்க அவருக்கு என்ன அவசியம்? இந்த முறையில் செலவுக்கு ஓர் உச்சவரம்பு போடுவது நல்லது.

பேக்கேஜ்: மேசைக்கு இவ்வளவு அல்லது தலைக்கு இவ்வளவு. கேட்க எளிது. உள்ளே எது எவ்வளவு என்று தெரியாது. பொருள்வாரியாகப் பிரித்துக் கேளுங்கள்.

ஹோட்டல் விலையில் வரும் 'பிளஸ் பிளஸ்' குறியையும் கவனியுங்கள். மேசை 1,000 ரிங்கிட் பிளஸ் பிளஸ் என்றால், வழக்கமாக 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அரசின் சேவை வரியும் அதற்கு மேல். 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தாலும் உணவு, பானத்துக்கு 6 விழுக்காடாகவே இருக்கிறது. ஆக மேசை சுமார் 1,160 ரிங்கிட் ஆகிவிடும். 30 மேசைக்குக் கிட்டத்தட்ட 4,800 ரிங்கிட் வித்தியாசம். பட்ஜெட்டில் துண்டு விழுவது பல நேரம் இங்கேதான்.

'கமிஷன்' விஷயம்

யாரும் சத்தமாகப் பேசாத ஒன்று இது. கூடாரக்காரரிடமும் ஒலிபெருக்கிக்காரரிடமும் ஏற்பாட்டாளர் தனியாகக் கமிஷன் வாங்கலாம். உங்களுக்குத் தெரிந்து, கணக்கில் காட்டி வாங்கினால் அது வணிகம். மறைத்து வாங்கினால் அந்தச் சுமை உங்கள் பில்லில்தான் ஏறும். "விநியோகிப்பாளர்களிடம் பெறும் கழிவு அனைத்தும் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கப்படும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இதைவிடப் பெரியது, உங்கள் அலுவலகத்தில் முடிவெடுப்பவருக்கு ஏற்பாட்டாளர் கொடுக்கும் 'அன்பளிப்பு'. வேலையைப் பிடிக்கக் கொடுத்தாலும் அதற்காக வாங்கினாலும், 2009-ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின்படி குற்றம். தனியார் நிறுவனத்துக்கும் இது பொருந்தும். 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கும் 17ஏ பிரிவின்படி, லஞ்சம் கொடுத்து வேலை பிடித்த நிறுவனமே குற்றவாளியாகலாம். அபராதம் லஞ்சத் தொகையின் 10 மடங்கு அல்லது 10 லட்சம் ரிங்கிட், இரண்டில் எது அதிகமோ அதற்குக் குறையாது. சிறையும் உண்டு.

மூன்று பேரிடம் கோட்டேஷன் வாங்கி, ஏன் ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம் என்று அரைப் பக்கம் எழுதிக் கோப்பில் வைத்தால், பின்னால் யாராவது சந்தேகப்பட்டாலும் அந்த ஊழியருக்குப் பாதுகாப்பு.

நிகழ்ச்சி ரத்தானால் முன்பணம் கிடைக்குமா?

இதற்குச் சரியான பாடம் 2020-இல் கிடைத்தது. அந்த ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. விருந்துகள், கல்யாணங்கள், மாநாடுகள் எல்லாம் நின்றன. பதிவு செய்தவர்கள் முன்பணத்தைக் கேட்டார்கள். ஏற்பாட்டாளர்களோ அதை ஏற்கெனவே மண்டபத்துக்கும் பூக்காரருக்கும் கொடுத்துவிட்டிருந்தார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது.

கோவிட் பாதிப்பைக் குறைக்கும் தற்காலிகச் சட்டம் (சட்டம் 829) அக்டோபர் 23-ஆம் தேதிதான் வெளியானது. கட்டுப்பாடுகளால் ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாதவர்களுக்கு அது நிவாரணம் தந்தது. நிகழ்ச்சி ஒப்பந்தங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. வாணிகக் கூட்டம், மாநாடு, திருமணம், விருந்து என்று அவை பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருந்தன. சமரசத்துக்கும் வழி இருந்தது. ஆனால் அதே சட்டத்தின் 10-ஆவது பிரிவு, மார்ச் 18-க்கும் சட்டம் வெளியான நாளுக்கும் இடையே பறிமுதலான டெபாசிட் செல்லுபடியாகும் என்றது. ஏழு மாதங்களில் போனது போனதுதான். அந்தக் காலத்தில் பலரைக் காப்பாற்றியது அவர்கள் கையெழுத்திட்ட தாளில் இருந்த இரண்டு வரிதான். அந்த வரி இல்லாதவர்களுக்குப் பேச்சுவார்த்தை மட்டுமே மிச்சம்.

1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, செய்யவே முடியாமல் போகும் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்குகிறது. ஆனால் ஆள் குறைந்துவிட்டது, முதலாளி மனம் மாறிவிட்டார், விலை ஏறிவிட்டது என்பவை அதில் அடங்கா. அதே சட்டத்தின் 75-ஆவது பிரிவு, நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க முடியாது என்கிறது. டெபாசிட்டுக்கும் அது பொருந்தும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அதைச் சொல்லி வாதாட நீதிமன்றம் வரை போக வேண்டும்.

அதனால் ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்:

• 60 நாளுக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், 30 நாள், 7 நாள் என்றால் எவ்வளவு.
• வெள்ளம், நோய்ப்பரவல், அரசு உத்தரவு போன்றவற்றால் நின்றால் மாற்றுத் தேதியா, பணமா.
• மேசை எண்ணிக்கையை உறுதிசெய்யும் கடைசி நாள் எது. அதற்குப் பிறகு 28 மேசைதான் நிறைந்தாலும் 30-க்கும் கட்ட வேண்டியிருக்கும்.
• ஏற்பாட்டாளர் தரப்பே வராமல் போனால் என்ன.
• பணத்தைத் தவணையாகக் கொடுப்பது. கடைசித் தவணை நிகழ்ச்சி முடிந்து ஒரு வாரத்துக்குப் பிறகு.
• நிகழ்ச்சி நாளில் பொறுப்பாக நிற்பவரின் பெயரும் கைப்பேசி எண்ணும். "எங்க டீம் வரும்" என்பது போதாது.

என்னென்ன அனுமதி தேவை?

பொதுமக்கள் வரும் நிகழ்ச்சி, டிக்கெட் விற்கும் நிகழ்ச்சி, திறந்தவெளியில் மேடை, கூடாரம் என்றால் அந்தந்த ஊராட்சி மன்றத்திடம் கேட்டாக வேண்டும். ஈப்போவுக்குள் என்றால் மாநகர் மன்றம். போலீசுக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியிருக்கும். மூடிய மண்டபத்தில் ஊழியர்களுக்கு மட்டும் நடக்கும் விருந்துக்கு நடைமுறை எளிது.

தமிழ்நாட்டிலிருந்து பாடகரோ நகைச்சுவைக் கலைஞரோ வருவதாக இருந்தால், வெளிநாட்டுக் கலைஞர்களுக்கான புஸ்பால் அனுமதியும் குடிநுழைவுத் துறையின் பாஸும் வேண்டும். "டூரிஸ்ட்டா வந்து பாடிட்டுப் போயிடுவாரு" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

சினிமாப் பாட்டு போடுவதற்கும் உரிமம் உண்டு. 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பாடல் படைப்பாளிகளுக்காக எம்ஏசிபி அமைப்பும் ஒலிப்பதிவு நிறுவனங்களுக்காக பிபிஎம் அமைப்பும் கட்டணம் வசூலிக்கின்றன. சில ஹோட்டல்கள் ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கும். அது உங்கள் நிகழ்ச்சிக்கும் பொருந்துமா, இல்லையென்றால் யார் கட்டுவது என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

சாப்பாடும் தேதியும்

நிகழ்ச்சி எப்படி நடந்தாலும் மறுநாள் பேசப்படுவது சாப்பாடுதான். நம் நாட்டு நிறுவன விருந்தில் ஒரே மண்டபத்தில் ஹலால் வேண்டியவர், மாட்டிறைச்சி தொடாதவர், வெள்ளிக்கிழமை சைவம், ஆண்டு முழுக்கச் சைவம் என்று எல்லாரும் இருப்பார்கள். "சைவத்துக்கு ரெண்டு மேசை போதும்" என்று ஊகத்தில் சொல்லாமல், பெயர் பட்டியல் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஹலால் சான்றிதழ் பெற்ற சமையலறை உள்ள ஹோட்டல், வெளியிலிருந்து உணவு கொண்டுவர அனுமதிக்காமல் போகலாம். வாழையிலைச் சாப்பாடு வெளியிலிருந்து வரவேண்டும் என்றால் முன்பே பேசுங்கள். விருந்தினருக்குக் கொடுக்கும் பொட்டலத்துக்கு புந்தோங் கச்சாங் பூத்தே போல் உள்ளூர்ப் பொருளைக் கேளுங்கள். இறக்குமதிப் பொம்மையைவிட அது வீட்டில் செலவாகும்.

தேதியில் தைப்பூசம், நோன்பு மாதம், சீனப் பெருநாள், தீபாவளி ஆகியவற்றைப் பார்ப்பவர்கள், நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை பேராக் சுல்தான் பிறந்தநாள் விடுமுறை என்பதை மறந்துவிடுவதுண்டு. நீண்ட விடுமுறையில் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். அக்டோபர், நவம்பரில் மாலை மழையும் சேர்ந்துகொள்ளும்.

சுங்கை சிப்புட்டிலிருந்தும் பத்து காஜாவிலிருந்தும் வருகிறவர்களுக்குப் பேருந்து போடுகிறீர்கள் என்றால், திரும்பும் நேரத்தை அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். கடைசிப் பரிசு இரவு 11.30-க்கு, பேருந்து 11-க்கு என்றால் தூரத்திலிருந்து வந்தவர்களுக்குத்தான் இழப்பு.

வரியில் கழிக்க முடியுமா?

ஊழியர்களுக்காக மட்டும் நடத்தும் ஆண்டு விருந்தின் செலவை வருமான வரிக் கணக்கில் முழுமையாகக் கழிக்கலாம். வாடிக்கையாளர்களை உபசரிக்கும் செலவில் பொதுவாகப் பாதிதான். வாடிக்கையாளர்களுக்காக நடத்தும் விருந்தில் ஊழியர்களும் உட்கார்ந்தால் முழுக் கழிவு கிடைக்காமல் போகலாம். ஆகவே அழைப்புப் பட்டியலை முதலிலேயே கணக்காளரிடம் காட்டுங்கள்.

அந்தப் பட்டியலை ஏற்பாட்டாளரிடம் கொடுக்கும்போது பெயரும் மேசை எண்ணும் போதும். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி எல்லாம் அவருக்குத் தேவையில்லை. 2010-ஆம் ஆண்டு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைக் காக்கும் கடமை உங்கள் நிறுவனத்துக்கு உண்டு.

தகராறு வந்தால் எங்கே போவது?

பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை விசாரிக்கிறது. ஆனால் அது சொந்த, குடும்பப் பயன்பாட்டுக்காக வாங்கியவர்களுக்கு. நிறுவன விருந்து அதில் வராது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 ரிங்கிட் வரை வழக்கறிஞர் இல்லாமல் வாதாடும் சிறு கோரிக்கை முறையிலும் வழக்குத் தொடுப்பவர் தனிநபராக இருக்க வேண்டும். நிறுவனம் என்றால் வழக்கமான சிவில் வழக்குதான்: 1 லட்சம் ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் 10 லட்சம் வரை செஷன்ஸ் நீதிமன்றம். காலமும் செலவும் ஆகும். ஒப்பந்தத்தில் சமரச ஏற்பாடு ஒன்றைச் சேர்ப்பது அதனால்தான் நல்லது.

கையெழுத்துப் போடுவதற்கு முன், ஏற்பாட்டாளரை நேரில் உட்காரவைத்து மூன்று கேள்வி கேளுங்கள். மழை வந்தால் யார் முடிவெடுப்பது? கரண்ட் போனால் யாரைக் கூப்பிடுவது? சாப்பாடு பற்றாமல் போனால் யார் பணம் கொடுப்பது? மூன்றுக்கும் அவர் தயங்காமல் ஆள் பெயரைச் சொல்லி, அதை எழுதியும் கொடுத்தால் முன்பணம் கொடுக்கலாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்றால், அடுத்த கோட்டேஷனை எடுத்துப் பாருங்கள்.